மேல்பிடிக்காரர் வெறுங்கையோடு மலையேறியது

வீடு மாற்றித் தருகிற தொழிலில் எந்தப் பீரோவுக்கும் இரண்டு முனைகள்தான். படியேறும்போது கீழ்முனையைப் பிடிக்கிறவன் முன்னோக்கி ஏறுவான். அவன் கண்ணுக்குப் படி தெரியாது, பீரோதான் தெரியும். மேல்முனையைப் பிடிக்கிறவன் பின்பக்கமாகவே ஏறுவான். அவனுக்கும் படி தெரியாது. பீரோவுக்கு மேலே எட்டிப் பார்க்கிற கீழ்பிடிக்காரனின் முகம்தான் தெரியும். அந்த முகம் சுளித்தால் நிற்க வேண்டும், உதடு பிதுங்கினால் சாய்க்க வேண்டும், கண் மேலே செருகினால் உடனே இறக்க வேண்டும். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு சட்டம் உண்டு. இறக்கும்போது கீழ்பிடி "வெச்சாச்சு" என்று சொல்லும்வரை மேல்பிடி கையை எடுக்கக் கூடாது. கட்டிடமே ஆடினாலும் எடுக்கக் கூடாது.

நம்மாள் மேல்பிடி. வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒசரமா இருக்கான், மேல போடு" என்றார். அன்றைக்கு மேலே போனவர்தான். ஊரில் இருக்கிற படிக்கட்டெல்லாம் அவர் முதுகுக்கு அத்துப்படி. அவருடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்து போனார்கள். தபாலில் வரும் பெயரைப் படித்துவிட்டு, இது யாருக்கு வந்தது என்று அவரே ஒரு நிமிடம் யோசிப்பதுண்டு.

மனைவியை அவர் முதன்முதலில் பார்த்ததும் ஒரு பீரோவுக்கு மேலாகத்தான். அவள் குடும்பம் வீடு மாறிய நாள் அது. கீழ்பிடிக்காரனின் தலைக்குப் பின்னால், சுவர்க் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு ஏறியதில் பீரோவின் கால் கைப்பிடியில் இடித்தது. அந்தத் தழும்போடுதான் பீரோ சீராக வந்து இன்றைக்கும் இவர்கள் வீட்டில் நிற்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் தம்பியே கீழ்பிடியாக வந்து சேர்ந்தான். தொழிலும் உறவும் ஒரே கயிற்றில் கட்டின மாதிரி ஆயிற்று.

குறை என்று சொன்னால் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான். அவள் இவரோடு எங்கேயும் போனதில்லை. போகாமல் இல்லை, போனார்கள். போன இடமெல்லாம் வேலையாகிவிடும். சித்தி வீட்டுக்கு நலம் விசாரிக்கப் போனால், "வந்தது வந்தீங்க, இந்தக் கட்டில ஜன்னல் பக்கம் நகத்திடுங்களேன்" என்பார்கள். பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனார்கள். அங்கே நர்ஸம்மா ஒரு மேஜையைக் காட்டினாள். கடற்கரைக்குப் போன ஒரே ஒரு தடவை, மணலில் சிக்கின ஐஸ் வண்டியைத் தூக்கிவிட்டு வந்தார்.

அவளுக்கு வேலை அருங்காட்சியகத்தில், டிக்கெட் கவுன்டரில். டிக்கெட்டோடு அட்டைப் படமும் விற்பாள். ஊருக்கு வெளியே இருக்கிற சின்ன மலையின் உச்சியில், பாறைச் சுவரில், என்றைக்கோ யாரோ செம்மண் குழைத்து வரைந்த மனிதர்களின் படம் அது. கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். படத்தை வாங்குகிறவர்கள், "நேர்ல எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்பார்கள். நேரில் பார்த்திராத அவள், "அடுத்தவங்க வாங்க" என்பாள்.

ஒரு நாள் அவள் கவுன்டருக்குப் பக்கத்திலேயே ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். சின்ன மலை நடை, முதல்முறை வருகிறவர்களுக்கு ஏற்றது, வழியில் பழைய காவல் மேடை, மலைவாசிகளின் வீட்டில் தேநீர், உச்சியில் ஓவியம். அன்று சாயங்காலம் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அவள் கேட்டாள்.

"ஏங்க, மலைக்குப் போலாமா?"

"மலைக்கா? யாரு வீடு மாத்துறா?"

"யாரும் மாத்தல. நாம போறோம். நீங்களும் நானும்."

"சரி. என்ன சாமான்?"

"சாமான் கிடையாது. பை கிடையாது, கூடை கிடையாது. கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க எங்கூட வெறுங்கையோட ஒரு எடத்துக்கு வந்ததில்ல. இந்த ஒரு தடவ வெறுங்கைய வீசிக்கிட்டு வாங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று, "வந்துட்டாப் போச்சு" என்றார்.

மறுநாள் கிடங்கில், சுருட்டி வைத்த கம்பளிகளின் மேல் உட்கார்ந்து, மச்சானிடமும் லாரி டிரைவரிடமும் விஷயத்தைச் சொன்னார்.

"மேல கொண்டு போறதா, கீழ கொண்டு வர்றதா?" என்றார் டிரைவர்.

"ரெண்டும் இல்ல. போய்ட்டு வர்றது."

"போயி?"

"பாக்குறது."

"பாத்துட்டு?"

"வர்றது."

டிரைவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப எதுக்கு மாமா போறோம்?" என்றான் மச்சான்.

ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் முறைப்படி செய்ய வேண்டும். முதலில் இடத்தைப் பார்த்து வர ஆள் அனுப்புவது வழக்கம். டிரைவர் போய்விட்டு வந்து அறிக்கை கொடுத்தார். "லிஃப்ட் இல்ல. கதவு எங்கயும் இல்ல, அதனால இடிக்காது. அடிவாரம் வரைக்கும் லாரி போகும். அதுக்கு மேல படின்னு சொல்ல முடியாது, கல்லு கல்லாக் கெடக்கு. ஒண்ணு முழங்கால் ஒசரம், அடுத்தது வெரல் ஒசரம். கட்டுனவன் யாருன்னே தெரியல."

இதற்குள் மனைவி, மலைக்கு முன்னால் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்று தம்பி குடியிருக்கிற மாடிக் கட்டிடத்துக்கு இவரை அழைத்துப் போனாள். இவர்கள் இருப்பது தரைத்தளத்தில். அதனால் இத்தனை வருடத்தில் அவர் வெறுங்கையோடு படியேறி அவள் பார்த்ததே இல்லை. பார்த்தாள். முதல் திருப்பம்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கி ஏறினார். அதற்கு மேல் கால் எழும்பவில்லை. வெறும் படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அவரைப் பார்த்தன. அப்படி ஒரு காட்சியை அவர் கண்டதில்லை. தலை சுற்றியது.

"என்னங்க?"

"படி தெரியுது."

"படின்னா தெரியத்தான் செய்யும்!"

அவர் சட்டென்று திரும்பிக்கொண்டு பின்பக்கமாக ஏறிப் பார்த்தார். கால் தானாக நடந்தது. மனைவியைத் தாண்டி, மேல்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் காய்கறியோடு ஏறி வந்துகொண்டிருந்தார். இவர் அவர் முகத்தையே பார்த்தபடி ஏறினார்.

"சார், என்னை ஏன் முறைச்சுக்கிட்டே போறீங்க?"

"முறைக்கல சார். உங்க மூஞ்சி நிக்கச் சொல்லுதா, போகச் சொல்லுதான்னு பாக்குறேன்."

"என் மூஞ்சி வழிய விடச் சொல்லுது."

முகம் கிடைத்துவிட்டது, ஆனால் பாரம் இல்லை. ஏற ஏற இரண்டு கைகளும் பிடிக்க ஒன்றும் இல்லாமல் தாமாகவே மேலே மிதந்தன. கடைசியில் யாரோ துப்பாக்கி காட்டின மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். வேலையில் இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. மாடி வீட்டிலிருந்து சாமான் இறக்கப் போகும்போதுகூட, கயிறும் ஆப்பும் போட்ட பெரிய கூடையை மச்சானோடு ஆளுக்கொரு காதாகப் பிடித்துத்தான் ஏறுவார். அதை எல்லோரும் தொழிலுக்கு அவர் காட்டுகிற மரியாதை என்று நினைத்திருந்தார்கள்.

மனைவி நம்பவில்லை. "வர இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடுங்க. இதுக்கு எதுக்கு இவ்வளவு நடிப்பு?"

"நடிப்பு இல்ல. சத்தியமா கால் வரல."

"பீரோன்னா வரும், நான்னா வராதா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "நான் பேர் குடுத்தாச்சு. நீங்க வரலன்னா நான் தனியாப் போயிட்டு வரேன். ஆனா ஒண்ணு. இதுக்கப்புறம் உங்கள எங்கயும் கூப்பிட மாட்டேன். ஒருநாளும்."

அவர் கிடங்குக்கு வந்து, மச்சானிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மச்சான் தாடையைத் தடவினான். "அக்கா சொன்னா செய்வா மாமா. அவ எங்கூட ஒரு வருஷம் பேசாம இருந்தவ. எதுக்குன்னு எனக்கு இன்னும் தெரியாது."

"என்ன பண்றது?"

"ஏதாவது ஒண்ணு தூக்கினாத்தான் கால் வரும்னா, தூக்குவோம். எதைன்னு மட்டும் முடிவு பண்ணுவோம்."

அன்றிலிருந்து கிடங்கின் பரண்படியில் சோதனை தொடங்கியது. முக்காலி தூக்கினார்கள். கனமே போதவில்லை, பாதியில் கை மிதக்க ஆரம்பித்தது. கூடை பரவாயில்லை, ஆனால் டிரைவர் ஒப்புக்கொள்ளவில்லை. கோணல் படிக்குக் கனமான சாமான்தான் நல்லது, கனம்தான் காலை ஊன்ற வைக்கும் என்பது தொழிலில் பழைய நம்பிக்கை. தையல் மிஷின் கனம்தான், ஆனால் சக்கரம் தானாகச் சுற்றி மச்சானின் சட்டையை இழுத்தது. கடைசியில் எல்லோருடைய பார்வையும் மூலையில் நின்ற ஒற்றைக் கதவு மர அலமாரியின் மேல் விழுந்தது. யாரோ விட்டுவிட்டுப் போய், திரும்ப வந்து கேட்காத அலமாரி. தூக்கிப் பார்த்தார்கள். மேல்பிடியின் கால்கள் பரண்படியில் பாட்டுப் பாடிக்கொண்டு போயின.

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதைத் தேடினோமோ அது கண்ணு முன்னாலயே நின்னிருக்கு" என்றார் டிரைவர்.

"வெறுங்கைன்னு சொல்லியிருக்காளே?"

"மாமா, அலமாரி கையில இருக்கிற மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஒண்ணும் இருக்காது. காலி அலமாரி. கிட்டத்தட்ட வெறுங்கைதான்."

கிட்டத்தட்ட என்ற வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தனியாக மலையேறும் மனைவியின் முதுகை மனதில் நினைத்துப் பார்த்ததும், சரி என்றார். மேல்பிடியாகவே இருந்தவருக்கு, ஒருவரின் முதுகைப் பார்த்துப் பழக்கமில்லை.

அன்றே மலை நடையை நடத்துகிற வழிகாட்டிப் பெண்ணுக்குப் போன் போட்டு, வேலைக்குக் கேட்கிற கேள்விகளை வரிசையாகக் கேட்டார்.

"வழியில திருப்பம் எவ்வளவு அகலம்மா?"

"ரெண்டு பேர் சேந்து போலாம் சார். ரொம்ப சுலபமான வழி."

"ஆறடி ஒசரம் நிமுந்து போகுமா?"

"நீங்க அவ்வளவு ஒசரமா சார்?"

"நான் இல்ல. கூட வர்றது."

"அவங்களுக்கு மூட்டு வலி, மூச்சுத் திணறல் ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. கதவு மட்டும் ஒழுங்கா மூடாது."

"வயசானா அப்படித்தான் சார், மெதுவாக் கூட்டிட்டுப் போலாம்" என்று குரல் வந்தது.

குறித்த நாள் காலையில் அவரும் மனைவியும் பஸ்ஸில் போனார்கள். அவள் வேண்டுமென்றே கைப்பையைக்கூட எடுத்து வரவில்லை. இவருடைய கையையும் சட்டைப் பையையும் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மெல்லச் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

அடிவாரத்தில் வழிகாட்டிப் பெண் தொப்பியோடு நின்றாள். நாலைந்து பேர் காலணிக் கயிறுகளை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பக்கம் லாரி நின்றது. லாரிக்கு முன்னால், கம்பளி சுற்றி, மூலைக்கு மூலை அட்டை வைத்துக் கட்டி, அலமாரி நின்றது. பக்கத்தில் மச்சான், தோளில் தூக்குப் பட்டையோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

மனைவி நின்றாள். "அது என்ன?"

கம்பளிக்குள்ளிருந்து கதவு தானாகத் திறந்து, 'க்றீச்' என்றது.

"அக்கா, உள்ள ஒண்ணும் இல்லக்கா" என்றான் தம்பி. "வேணும்னா பாத்துக்கோ."

"மலைக்கு அலமாரியா?"

"மாமாவுக்குக் கால்..."

"நீ பேசாத." அவள் கணவனைப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டேன். வெறுங்கை. அது உங்களால முடியல."

வழிகாட்டிப் பெண் மெதுவாக அருகில் வந்தாள். "சார், கூட வர்றவங்கன்னு சொன்னது..."

"இதுதாம்மா."

அவள் அலமாரியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அதற்கும் நீட்டிவிடுவாள் போல நின்றாள்.

மனைவி யாருக்கும் காத்திருக்காமல் நடக்க ஆரம்பித்தாள். முதல் கல், இரண்டாவது கல். அவளுடைய முதுகு போவதை அவர் பார்த்தார். ஓடிப் போய் முதல் கல்லில் கால் வைத்தார். இரண்டாவதில் வைத்தார். மூன்றாவது கல் அவரைப் பார்த்தது. அவ்வளவுதான். திரும்பிக்கொண்டார். இப்போது முகத்துக்கு எதிரே அலமாரியும் மச்சானும் டிரைவரும் தெரிந்தார்கள், மனைவி முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். பின்பக்கமாக ஒரு கல் ஏறினார். இன்னொன்று. கைகள் மிதந்து மேலே போயின. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, போகவும் முடியாமல் வரவும் முடியாமல், நின்றார்.

"நில்லு!" என்று கத்தினார். "நடிக்கல! நெசமாவே வரல!"

மேலே காலடிச் சத்தம் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் படி தெரிந்துவிடும். கற்கள் உரசுகிற சத்தம் இறங்கி வந்தது, அவரைக் கடந்தது, அவருக்குக் கீழே இரண்டு கல் தள்ளி வந்து நின்றது. அவள் முகம் எதிரே வந்தது. அது, தூக்கின கைகளைப் பார்த்தது. அட்டைப் படத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆட்களை அவள் வருடக்கணக்காக விற்றவள். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"கைய எறக்குங்க."

"எறங்கல."

"எந்த அளவுக்கு எறங்கினா சாமான் தூக்குற அளவு?"

அவர் முயன்றார். இடுப்பு உயரத்தில், ஒரு பெரிய பலகையின் விளிம்பைப் பிடிப்பதுபோல, விரல்கள் மடங்கி நின்றன. அவளும் கையை நீட்டி, கீழே ஒரு விளிம்பைப் பிடித்தாள்.

"என்ன இது?" என்றார் அவர்.

"கண்ணாடி. ஆள் ஒசரத்துக்கு ஒரே கண்ணாடி, ஜன்னல்ல போடுறது. அப்பதான் முழு மூஞ்சியும் தெரியும்." பிறகு சொன்னாள், "வெறுங்கையும் ஆச்சு."

அவர் கையில் கனம் இறங்கியது. தூக்குகிற எல்லாச் சாமானிலும் கண்ணாடிதான் பெரிய பொறுப்பு. உள்ளங்கை வியர்த்தது. கால், தானாகப் பின்பக்கம் ஒரு கல் ஏறியது.

கீழேயிருந்து மச்சான் ஓடி வந்தான். "அக்கா, கீழ்பிடி நான்க்கா! உனக்குப் பழக்கமில்ல!"

"போடா."

"சரி, முழங்கால மடக்கு, முதுக வளைக்காத! மாமாகிட்ட வாயில சொன்னா ஏறாது, மூஞ்சில சொல்லு!" அவன் குரலில், வேலை பறிபோனவனின் துக்கம் இருந்தது.

அப்படியே ஏறினார்கள். காவல் மேடையைச் சுற்றுகிற திருப்பத்தில் அவள் உதடு பிதுங்கியது. அவர் கண்ணாடியைச் சாய்த்தார். இவ்வளவு வருடமாக மச்சானின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். இந்த முகம் புதிது. அவளுக்கு மூச்சு வாங்கினால் வாயால் சொல்ல மாட்டாள், இடது புருவம் மட்டும் ஏறும் என்று காவல் மேடைக்கு மேலேதான் அவர் கண்டுபிடித்தார். புருவம் ஏறும்போதெல்லாம் நின்றார். "எனக்கு மூச்சு வாங்குறது உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று அவளே கேட்டாள்.

எதிரே ஒரு குடும்பம் இறங்கி வந்தது. "ஓரம், ஓரம், கண்ணாடி வருது!" என்றாள் அவள். அவர்கள் பாறையோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் வயிற்றைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டார். தாண்டிப் போன பிறகுதான் வயிற்றை இழுத்துக்கொண்டவருக்குச் சந்தேகம் வந்தது.

"கண்ணாடி எங்க இருந்தது?"

"கண்ணாடின்னா எப்படிங்க தெரியும்?" என்றாள் அவரோடு இறங்கி வந்த அவர் மனைவி. "நல்லாத் தொடச்சு வெச்சிருக்காங்க. நம்ம வீட்லயும் இருக்கே, ஒரே தூசி."

மலைவாசிகளின் வீட்டுக்கு முன்னால் ஓர் அம்மா தேநீர் நீட்டினாள். வாங்க முடியவில்லை, இருவருக்கும் கை ஒழிவில்லை. அந்த அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வாசலில் கிடந்த கோழியை விரட்டி, "இங்க சாய்ச்சு வெச்சுக் குடிங்க" என்று இடம் காட்டினாள். மனைவி "வெச்சாச்சு" என்றாள், அவர் கையை எடுத்தார், குடித்தார்கள். அங்கிருந்து பார்த்தால் அடிவாரம் தெரிந்தது. அலமாரியின் முன்னால் ஒரு வரிசை நின்றது. மலையேற வந்தவர்கள் குடையையும் பையையும் அதில் வைத்துவிட்டுப் போக, மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுபடி தூக்கினார்கள். கடைசி ஏற்றம் செங்குத்து. வழிகாட்டிப் பெண் இதற்குள் பழகிப் போய், "இடது பக்கம் கல்லு ஆடுது சார், சாமான் பத்திரம்" என்று முன்னால் போய்க் குரல் கொடுத்தாள். தரை சமமானது. அவர் முதுகில் பாறையின் குளிர்ச்சி படர்ந்தது. வந்துவிட்டோம் என்று தெரிந்தது. ஆனால் மேல்பிடிக்கு வந்த இடம் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான்.

அவளுக்கு எதிரே ஓவியம் இருந்தது. அவர் தோளுக்கு மேலாக அவள் பார்த்தாள். அட்டைப் படத்தில் விரல் நீளம் இருந்தவர்கள் இங்கே ஆள் உயரம் இருந்திருக்க வேண்டும், அவள் கண் அவ்வளவு தூரம் மேலே போய்க் கீழே வந்தது. ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போனது. வாய் கொஞ்சம் திறந்தது. அவள் முகம் நிற்கவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அப்படி ஒரு முகத்தை அவர் மச்சானிடம் கண்டதில்லை.

மற்றவர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், நகர்ந்தார்கள். அவர் கை கடுத்தது. ஆனாலும் அவள் சொல்லவில்லையே.

"சார், திரும்பிப் பாக்கலையா?" என்றாள் வழிகாட்டிப் பெண்.

"இரும்மா. அவ இன்னும் சொல்லல."

ரொம்ப நேரத்துக்குப் பிறகு அவள் கண் இறங்கி அவரிடம் வந்தது. இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று அப்போதுதான் பார்த்தாள்.

"மெதுவா எறக்குங்க" என்றாள்.

இருவரும் முழங்காலை மடக்கிக் குனிந்தார்கள்.

"வெரல் ஜாக்கிரதை" என்றார் அவர்.

அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வெச்சாச்சு."

அவர் கையை எடுத்தார். உடனே திரும்பிவிடவில்லை. காற்று பலமாக இருந்தது. கண்ணாடியைப் பாறையோடு பதமாகச் சாய்த்து, நழுவாமல் இருக்க அடியில் ஒரு சின்னக் கல்லை அண்டை கொடுத்து, ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் திரும்பினார்.